காடு இருந்தும் மான் ஏன் கொல்லைக்கு வருகிறது? – வாசகர் கேள்வி பதில்

தமிழ்ச்செல்வி, வேப்பூர்: எங்கள் ஊர்ப் பக்கத்துக் காடு முழுக்கத் தைலமரம், வருஷம் பூரா பச்சையாகத்தான் நிற்கிறது. ஆனாலும் கோடை வந்தால் புள்ளிமான்கள் மல்லாட்டை (வேர்க்கடலை) கொல்லையில் இறங்கிவிடுகின்றன. நாய்களிடம் மாட்டுகின்றன, ரோட்டில் அடிபடுகின்றன. காட்டை விட்டு ஏன் வரவேண்டும்?

அந்தப் பச்சை மானுக்கு எட்டாத உயரத்தில் அல்லவா இருக்கிறது! புள்ளிமான் தோள் வரைக்கும் சுமார் மூன்றடிதான். தரையிலிருந்து நம் நெஞ்சு உயரம் வரை என்ன இருக்கிறதோ அதுதான் அதற்குக் காடு. ஒருநாள் தைலத்தோப்புக்குள் குனிந்து பாருங்கள்: உரிந்து விழுந்த பட்டை, சீக்கிரம் மக்காத சருகு, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புல். இலையைக் கசக்கினால் வரும் எண்ணெய் நெடிக்கு மான் வாய் வைக்காது. அதற்கு முதல் தீனி புல். மழை முடிந்து புல் முற்றிக் காய்ந்ததும் தழை, உதிர்ந்த பூ, பழம், நெற்று என்று மாறிக்கொள்ளும். நம் பக்கத்துப் பழைய புதர்க்காட்டில் இலந்தை, காரை, சூரை, வெள்வேல் நெற்று, பங்குனி சித்திரையில் இலுப்பைப் பூ, ஆனி ஆடியில் நாவல் என்று ஒன்று போனால் ஒன்று வரும். ஒரே மரத்தை வரிசையாக நட்ட இடத்தில் அது ஏது? கொல்லைக்கு வராமல் என்ன செய்யும்?

வெட்டும் முறையிலும் விஷயம் இருக்கிறது. தைலத்தை வெட்டிய இடத்தில் வெயில் தரையில் விழுவதால் ஓரிரு வருஷம் நல்ல புல் வரும், ஆடுமாடு மொத்தத்தையும் மேய்ந்துவிடாமல் இருந்தால். ஆனால் ஏக்கர் கணக்கில் ஒரேயடியாக மொட்டையடித்தால் புல் இருந்தும் மான் இறங்கத் தயங்கும், நாய் துரத்தினால் ஓடி ஒளியப் புதர் வேண்டுமே. காலையும் மாலையும் வெளியில் மேய்ந்துவிட்டு உச்சிவெயிலில் நிழலில் படுத்து அசைபோடும் பிராணி அது. புல், புதர், தண்ணீர் மூன்றும் அடுத்தடுத்து வேண்டும். வருஷத்துக்கு ஒரு துண்டு என்று வெட்டி, ஓடைக்கரைப் புதரைத் தொடாமல் விட்டாலே பாதி வேலை முடிந்தது. எத்தனை மரக்கன்று நட்டோம் என்று கணக்குச் சொல்பவர்களிடம் நான் அந்த ஓடைப் புதர் மிச்சம் இருக்கிறதா என்றுதான் கேட்பேன்.

குமார், விருத்தாசலம்: அப்படியானால் சீமைக்கருவேலத்தை அடியோடு பிடுங்கினால் மானுக்கு நல்லதுதானே?

நல்லதுதான், அவசரப்படாவிட்டால். அதன் நெற்றை மான் விரும்பித் தின்னும், விதையைப் புழுக்கையோடு வேறு இடத்தில் போட்டு அதுவே பரப்பியும் விடும் (கோடியக்கரையில் வெளிமான்கள், அதாவது முறுக்குக் கொம்பு மான்கள், செய்வதும் இதுதான்). வேறு மறைவே இல்லாத இடத்தில் பகலில் படுக்க அந்த முள்தான் கதி. அதனால் ஜேசிபியை விட்டு ஒரே மூச்சில் வழித்தெடுக்காமல் பகுதி பகுதியாகச் செய்யலாம். மேலே வெட்டினால் மறுபடி துளிர்க்கும், தூரோடு எடுக்கவேண்டும். எடுத்த இடத்தில் அந்த மழைக்கே நாட்டுப் புல்லும் புதரும் வரவில்லையென்றால் திரும்ப முள்தான். 2022-ல் தமிழக அரசு இதுபோன்ற அந்நியத் தாவரங்கள் பற்றிக் கொண்டுவந்த கொள்கையும் அகற்றுவதோடு நிற்காமல் வாழிடத்தை மீட்பதைச் சேர்த்தே பேசுகிறது.

ரெஜினா, புதுச்சேரி: சென்னை கிண்டியில் மட்டும் புள்ளிமான் கூட்டம் கூட்டமாக நிற்கிறதே, எப்படி?

கிண்டி தேசியப் பூங்கா மொத்தமே சுமார் 2.7 சதுர கிலோமீட்டர்தான். அங்கே மரமும் புதரும் அடர்ந்தது புள்ளிமானுக்குக் கொண்டாட்டம், திறந்த புல்வெளி கேட்கும் வெளிமானுக்குத் திண்டாட்டம். போலோ மைதானம் என்று சொல்லும் புல்வெளியில் புதர் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பது அதனால்தான். ஆக, எந்த மானுக்காக என்று முடிவு செய்யாமல் காட்டைப் பராமரிக்க முடியாது. அதோடு, பெருகுவதெல்லாம் நல்லதும் இல்லை: வெள்ளைக்காரர்கள் அந்தமானில் கொண்டுபோய் விட்ட புள்ளிமான்கள், அடித்துத் தின்ன மிருகம் இல்லாமல் பெருகி, அங்கே காட்டின் இளங்கன்றுகளைத் தலையெடுக்க விடுவதில்லை.

பாலு, திட்டக்குடி: காட்டில் தண்ணீர்த் தொட்டி வைத்தால் போதாதா?

எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. டேங்கர் லாரி போக வசதி என்று ரோட்டோரம் வைத்தால் நாமே மானை ரோட்டுக்குக் கூப்பிட்ட மாதிரி. உள்ளே இரண்டு மூன்று இடத்தில், குட்டி விழுந்தாலும் ஏறி வரும்படி ஒரு பக்கம் சரிவாகக் கட்டி, மாசியிலேயே நிரப்ப ஆரம்பிக்கவேண்டும். ஒரே தொட்டி என்றால் எங்கே காத்திருக்கவேண்டும் என்பது நாய்களுக்கும் தெரிந்துவிடும்.