ஓட்டோகாட் இல்லாத வீட்டுக்காரருக்கு வரைபடத்தை எந்த வடிவில் கொடுப்பது?

உங்கள் வாடிக்கையாளரிடம் வரைபட மென்பொருள் எதுவும் இல்லை, ஆனாலும் ஓட்டோகாட்டில் வரைந்த மூலக் கோப்பான டிடபிள்யூஜியையே அனுப்பும்படி கேட்கிறார், அதை அனுப்புவதா, பிடிஎப் ஆக்கி அனுப்புவதா, அல்லது இலவச மென்பொருள் ஒன்றைத் தரவிறக்கச் சொல்வதா என்று கேட்டிருக்கிறீர்கள். பிடிஎப்பை அனுப்புங்கள், அதோடு நீங்களே அச்சடித்துச் சரிபார்த்த தாளையும் கொடுங்கள். டிடபிள்யூஜி கோப்பை, அதைத் திறந்து வேலை செய்யத் தெரிந்த பொறியியலாளரோ, கட்டடத்தின் பொருளையும் செலவையும் கணக்கிடும் கணிய அளவையாளரோ கேட்கும்போது மட்டும் கொடுத்தால் போதும். இதை நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு விசுவமடுவில் நான் வரைந்த ஒரு வீடுதான் காரணம்.

நான் கிளிநொச்சியில் படவரைஞராக இருக்கிறேன். நீங்கள் தொழிலுக்குப் புதியவர் என்றும், கேட்டதைக் கொடுக்காவிட்டால் வேலை கைவிட்டுப் போய்விடுமோ என்று யோசிக்கிறீர்கள் என்றும் நினைக்கிறேன். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. 2012இல் இந்திய வீட்டுத் திட்டம் வன்னியில் பரவலாகத் தொடங்கியபோது, 550,000 ரூபாய் கட்டங்கட்டமாகக் கொடுக்கப்பட்டு, வீட்டுக்காரரே நின்று வீட்டைக் கட்டுவித்தார். போட்டோக்கொப்பி எடுத்த ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு மேசனுடன் அளவு பேசிய பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தாளும் வீடும் கேள்வி கேட்பவரும் ஒரே வளவுக்குள் இருந்ததால், பிழை வந்தாலும் அன்றைக்கே பிடிபட்டது. இப்போது நான் வரையும் வீடுகளில் பாதிக்கு மேல் பணம் கனடாவிலிருந்தோ சுவிசிலிருந்தோ வருகிறது. தீர்மானிப்பவர் ஓரிடம், குடியிருக்கப் போகிறவர் ஓரிடம், மேசன் ஓரிடம் என்று வரைபடம் மூன்று கைபேசிகளைக் கடந்து போகிறது.

விசுவமடு வீடும் அப்படித்தான். மகன் ரொறன்ரோவில் இருந்தார். வீடு அவருடைய தாயாருக்கு. அந்த அம்மா 2009இல் ஒரு காலை இழந்தவர், சக்கர நாற்காலியில் இருப்பவர். ஆகவே வீட்டுக்குள் நான் அதிகம் யோசித்து வரைந்தது வரவேற்பறையை அல்ல, குளியலறையைத்தான். சக்கர நாற்காலி ஒன்று முழுதாகத் திரும்புவதற்கு 1500 மில்லிமீற்றர், அதாவது ஏறக்குறைய 5 அடி விட்டமுள்ள வெற்றிடம் வேண்டும். கொமட் சுவரிலிருந்து இரண்டேகால் அடி முன்னால் வரும் என்று கணக்கிட்டு, உள்ளளவு 8 அடி 6 அங்குலத்துக்கு 6 அடி 6 அங்குலம் என்று வைத்தேன்.

மகன் டிடபிள்யூஜி கோப்பைத்தான் கேட்டார். "அண்ணை, அந்த ஒறிஜினல் பைலை அனுப்புங்கோ, நான் இங்க பார்த்துக்கொள்ளுறன்" என்றார். அனுப்பினேன். அவர் அதைக் கைபேசியில் ஓர் இலவசச் செயலியில் திறந்திருக்கிறார். நான் பயன்படுத்திய எழுத்துரு அந்தச் செயலியில் இல்லாததால், அது வேறோர் எழுத்துருவைத் தானாகவே போட்டுக்கொண்டது. இலக்கங்கள் ஒடுங்கி, அளவுக்கோடுகளுடன் முட்டிக்கொண்டு நின்றன. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் எழுதியிருந்த அறைப் பெயர்கள் எல்லாம் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தன. அவர் குளியலறைப் பக்கத்தை மட்டும் பெரிதாக்கி, ஸ்கிரீன்ஷொட் எடுத்து, வட்ஸ்அப்பில் படமாகத் தாயாருக்கு அனுப்பினார். வட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்பும் என்பது உங்களுக்குத் தெரியும். கண்ணாடி வெடித்த ஒரு சின்னக் கைபேசியில் அதைப் பார்த்த மேசன், 8 அடி 6 அங்குலத்தை 6 அடி 6 அங்குலம் என்று வாசித்தார்.

அந்தக் கைபேசியைப் பிறகு நானே வாங்கிப் பார்த்தேன். எட்டின் மேல்வளையம் அளவுக்கோட்டுடன் ஒட்டிப்போய், எனக்கே அது ஆறாகத்தான் தெரிந்தது. சதுரமான குளியலறை எந்த மேசனுக்கும் வழக்கமான ஒன்றுதான், சந்தேகப்பட அவருக்குக் காரணம் இருக்கவில்லை. கூட்டிப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடிக்கக்கூடிய மொத்த நீள வரிசை, ஸ்கிரீன்ஷொட்டில் வெட்டுப்பட்டுப் போயிருந்தது.

நான் அங்கே போனபோது அத்திவாரம் வெட்டி, அந்தப் பக்கத்துக்குக் கருங்கல்லும் கட்டி முடிந்திருந்தது. அளவு நாடாவைப் பிடித்துப் பார்த்துவிட்டு மறுபடியும் பிடித்தேன். கொமட்டுக்கு இரண்டேகால் அடியைக் கழித்தால் மிஞ்சுவது நாலேகால் அடி. அந்த அம்மாவால் உள்ளே போக முடிந்திருக்கும், திரும்பி வெளியே வர முடிந்திராது. மேசன், "அம்மான்ர போனில கிடந்த அளவைத்தானே போட்டனான்" என்றார். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. மகனும் தன் தாயாருக்காக அக்கறையோடு செய்த காரியம்தான் அது. வாசிக்க முடியாத ஒரு பொருளைக் கொடுத்துவிட்டு, கொடுத்தாயிற்று என்று இருந்தது நான். உடைத்துக் கட்டிய செலவில் ஒரு பகுதியை நான் ஏற்றுக்கொண்டேன்.

இதை வாசிக்கும் பொறியியலாளர்கள் சிலர், டிடபிள்யூஜி கோப்பைத் திறந்து பார்க்கும் ட்ரூவியூ என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறதே, உலாவியில் திறக்கும் வசதியும் இருக்கிறதே என்று எழுதுவார்கள். இருக்கின்றன, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் ட்ரூவியூ விண்டோஸ் கணினியில் மட்டுமே இயங்கும். என் வாடிக்கையாளர்களில் பெரும்பாலானோரிடம் இருப்பது கைபேசி மட்டும். கணினி இருந்தாலும் கோப்பு திறப்பதும் வரைபடம் தெரிவதும் ஒன்றல்ல. ஓட்டோகாட் 2018இன் கோப்பு வடிவத்தில் சேமித்ததை அதற்கு முந்திய பதிப்பு திறக்காது. இணைத்திருந்த வேறு கோப்பு கூடவே போகாவிட்டால் பாதி வீடு காணாமல் போகும். கறுப்புத் திரையில் பளிச்சென்று தெரியும் மஞ்சள் கோடு வெள்ளைத் தாளில் கண்ணுக்கே தெரியாது. இவையெல்லாம் எங்களுக்குப் பழகிப்போன விடயங்கள், வீட்டுக்காரருக்கு அல்ல.

டிடபிள்யூஜியைக் கொடுக்க மறுப்பவர்கள் காசுக்காக ஒளிக்கிறார்கள் என்றும் சிலர் சொல்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை அது உண்மையல்ல. ஒருமுறை நான் கொடுத்த கோப்பில் யாரோ ஒரு தூணை நகர்த்தி, தலைப்புக் கட்டத்தில் என் பெயரையும் திகதியையும் அப்படியே விட்டு, அதைக் கட்டட அனுமதிக்காகவும் சமர்ப்பித்துவிட்டார்கள். அந்தத் தூணைப் பற்றிய கேள்விக்கெல்லாம் நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கோடு கீறியதற்குக் காசு தருபவர்கள், அந்தக் கோட்டுக்குப் பொறுப்பாக நிற்பதற்கு எதுவும் தருவதில்லை என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். இன்றைக்கும் பொறியியலாளர் கேட்டால் கொடுக்கிறேன், அதே திகதியிட்ட பிடிஎப்பையும் சேர்த்து. இரண்டும் வேறுபட்டால் பிடிஎப்பே செல்லும் என்று மின்னஞ்சலிலும் எழுதிவிடுகிறேன்.

பிடிஎப் என்பதால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. அதன் பெரிய நன்மை, எழுத்துருவும் கோட்டுத் தடிப்பும் தாளின் அளவும் கோப்புக்குள்ளேயே பதிந்துவிடுவதால், ரொறன்ரோவிலும் விசுவமடுவிலும் ஒரே படம் தெரிவதுதான். கைபேசியில் எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு உடையாது. ஆனால் கடையில் அச்சடிக்கும்போது 'தாளுக்குப் பொருத்து' என்ற தெரிவு இருந்தால், ஏ3 தாளுக்கு 1:100இல் வரைந்தது ஏ4இல் ஏறக்குறைய 1:141 ஆகிவிடும். தாளில் அடிமட்டம் வைத்து அளக்கும் மேசனுக்கு 10 அடி 7 அடியாகத் தெரியும். ஆகவே ஒவ்வொரு தாளின் அடியிலும் சரியாக 10 சென்ரிமீற்றர் நீளமுள்ள ஒரு கோட்டை வரைந்து விடுகிறேன். அச்சடித்த தாளை வாங்கும்போது கடையிலேயே அடிமட்டத்தை அதன்மேல் வைத்துப் பார்ப்பேன். ஒன்பதரை காட்டினால் அந்தத் தாள் வெளியே போகாது.

முழு வீட்டையும் ஒரே தாளில் நெருக்குவதையும் விட்டுவிட்டேன். முழுப் படம் ஏ3இல் ஒன்று, பிறகு அறைக்கு ஒரு ஏ4 தாள். அந்த ஏ4 தாள் கைபேசித் திரையிலும் பெரிதாக்காமல் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். எல்லாக் கோடும் கறுப்பு. மேசன்மார் அடியிலும் அங்குலத்திலும் வேலை செய்வதால் அளவும் அதில்தான். குசினி, விறாந்தை, சாமி அறை என்று அவர்கள் சொல்கிற பெயர்களை யூனிக்கோட்டில் எழுதுகிறேன். வட்ஸ்அப்பில் படமாக அல்லாமல் ஆவணமாக அனுப்புகிறேன், அப்போது அது சுருங்குவதில்லை. தாளை நேரில் கொடுக்க முடியாத நாட்களில், பரந்தனால் போகும் பேருந்தில் நடத்துநரிடம் குழாயாகச் சுருட்டிக் கொடுத்துவிட்டு, தாள் கைக்குப் போனதும் வீட்டுக்காரரை அழைத்து இரண்டு அளவுகளை எனக்கு வாசித்துக் காட்டும்படி கேட்பேன்.

விசுவமடுவில் கல்லை உடைத்த பிறகு, புதிய அத்திவாரம் வெட்டுவதற்கு முன் நிலத்திலேயே குளியலறையைச் சுண்ணாம்புத் தூளால் முழு அளவில் கீறினேன். சுவர், கதவு, கொமட், கைகழுவும் தொட்டி எல்லாவற்றையும் கீறிவிட்டு, மண்ணைத் தட்டி இறுக்கி, அம்மாவை நாற்காலியோடு உள்ளே வரச் சொன்னோம். மகன் வட்ஸ்அப் காணொளியில் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா உள்ளே வந்து, சக்கரத்தைத் தன் கையாலேயே தள்ளி ஒரு முழுச் சுற்றுச் சுற்றினார். பிறகு கதவுக்காக நான் கீறியிருந்த கால்வட்டத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, கதவு உள்ளுக்குத் திறந்தா நான் எப்பிடிச் சாத்திறது?" என்று கேட்டார். நாற்காலியை அங்கேயே நிறுத்திக் காட்டினார். கதவின் பாதைக்கு நடுவில்தான் அவருடைய நாற்காலி நின்றது. மூன்று மாதமாக நானும் மகனும் அந்த வரைபடத்தைத் திரையில் பார்த்திருக்கிறோம், இருவருமே அதைக் காணவில்லை. அன்றிரவு கதவை வெளியே திறப்பதாக மாற்றி, திகதியும் திருத்த இலக்கமும் போட்டு, குளியலறைத் தாளை மறுபடியும் அச்சடித்தேன்.