குதிரையின் இதயத்தை ரத்தத்தில் பார்ப்பது: மகளுக்கு எந்தப் படிப்பு?

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். குதிரைக்கு இதயத் தசை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று ரத்தத்தில் கண்டுபிடிக்கும் வேலைக்குத்தான் போவேன் என்று மகள் ஒற்றைக் காலில் நிற்கிறாள், இப்படி ஒரு வேலை உண்மையிலேயே இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது. சின்னத் துறைதான், அதனால் நீங்கள் பயப்படுவதும் நியாயம்தான்.

அந்தப் பரிசோதனை என்னவென்று உங்களுக்கும் தெரிந்தால்தான் அவளோடு பேச முடியும். இதயத் தசைச் செல்லுக்குள் ட்ரோபோனின் என்ற புரதம் இருக்கிறது, செல் சிதைந்தால் அது ரத்தத்தில் கசியும். நெஞ்சுவலி என்று போனால் நமக்கு எடுக்கும் அதே டெஸ்ட்தான். குதிரையின் ட்ரோபோனினும் மனிதருடையதும் பெரும்பாலும் ஒத்துப்போவதால் மனிதருக்கான கருவியையே பல இடங்களில் பயன்படுத்துகிறார்கள், ஆனால் ஒரு கருவியில் வந்த எண்ணை இன்னொன்றின் எண்ணோடு வைத்துப் பார்க்கக் கூடாது. முன்பெல்லாம் சிகே, எல்டிஎச் என்ற, தசையிலிருந்து கசியும் என்சைம்களைப் பார்த்தார்கள். நன்றாக ஓடிய குதிரைக்குக் கால் தசையிலிருந்தும் அவை ஏறிவிடும், இதயமா காலா என்று எப்படிச் சொல்வது?

இந்த வேலையின் கனம் தெரிய மோனென்சினைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோழி, மாட்டுத் தீவனத்தில் கலக்கும் மருந்து அது. அவற்றுக்கு ஒன்றும் செய்யாத அளவு குதிரைக்கு விஷம், உடல் எடையில் கிலோவுக்கு 2, 3 மில்லிகிராமே உயிரை எடுத்துவிடலாம். தவறுதலாக அந்தத் தீவனம் லாயத்துக்கு வந்தால் சில குதிரைகள் சீக்கிரமே செத்துவிடும், சில நன்றாக நின்று தின்றுகொண்டிருக்கும், வாரக்கணக்கில் கழித்து இதயம் கைவிடும். நன்றாகத் தெரியும் அந்தக் குதிரையின் மேல் யாரும் ஏறலாமா என்று சொல்ல வேண்டியவள் நாளைக்கு உங்கள் மகளாக இருக்கலாம். ஒருமுறை எடுத்த ரத்தம் போதாது: சீக்கிரம் எடுத்தால் ட்ரோபோனின் ஏறியிருக்காது, தாமதித்தால் இறங்கிவிட்டிருக்கும். எண் இயல்பாக வந்தாலும் தசையில் தழும்பு விழுந்திருக்கலாம், அதனால் எக்கோவும் ஈசிஜியும் கூடவே வேண்டும். வால்வுக் கோளாறிலோ துடிப்பு ஒழுங்கு தவறும்போதோ ட்ரோபோனின் அசையாமலே இருக்கவும் கூடும்.

சரி, படிப்பு. குதிரையைத் தொட்டுப் பார்த்து முடிவெடுக்க ஆசை என்றால் கால்நடை மருத்துவப் பட்டம், அப்புறம் பெரிய விலங்குகளுக்கான உள்மருத்துவத்தில் மேற்படிப்பும் பயிற்சியும். வருடங்கள் பிடிக்கும், உதை வாங்கும் அபாயமும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். டெஸ்ட் எப்படி வேலை செய்கிறது என்பதில்தான் மனம் போகிறது என்றால் உயிர்வேதியியல் போதும், பரிசோதனைக் கருவிகளை உருவாக்கும் ஆய்வுக்கூடங்களுக்கு அந்த வழியில் போகலாம். எந்தப் பக்கம் போனாலும் குதிரை இதயம் மட்டுமே முழுநேர வேலையாகக் கிடைப்பது அபூர்வம். மற்ற நோய்களும் மற்ற விலங்குகளும் சேர்ந்துதான் வரும் என்பதை அவளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

விண்ணப்பம் போடுவதற்கு முன் ஒரு வாரம் குதிரை மருத்துவர் ஒருவரோடு அவளை அனுப்ப முடியுமா பாருங்கள். கழுத்து ரத்தக் குழாயில் எடுத்த ரத்தத்தை ட்யூபில் அப்படியே நிற்க வைத்தால் குதிரை ரத்தத்தில் சிவப்பு அணுக்கள் மளமளவென்று அடியில் இறங்கி, மேலே நல்ல மஞ்சளாகத் தெளிந்து நிற்கும். அவள் கண் அந்த ட்யூபிலேயே நின்றதா, குதிரையிடம் திரும்பிப் போனதா என்று மட்டும் கேட்டு எனக்கு எழுதுங்கள், எந்தப் படிப்பு என்று அப்புறம் உட்கார்ந்து பேசலாம்.