அந்தக் கிளார்க் குமாஸ்தா அல்லர்

கேள்வி: அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் 90 வயதைக் கடந்து மறைந்த ஓர் அம்மையாரைப் பற்றிய நினைவுக் குறிப்பை என் மகள் அனுப்பியிருந்தாள். கிராமப் பள்ளி ஆசிரியையாக இருந்து, பின்னர் கவுண்டி கிளார்க் ஆனாராம். ஆசிரியப் பணியை விட்டுக் குமாஸ்தா வேலைக்குப் போனதைப் பெருமையாக எழுதுவானேன்? நீண்ட காலம் வாழ்ந்ததைத் தவிர அதில் நினைவுகூர என்ன இருக்கிறது?
(ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: கிளார்க் என்ற சொல்லைக் கண்டதும் குமாஸ்தா என்று பொருள் கொண்டுவிட்டீர்கள். உங்கள் கேள்வி முழுவதும் அந்தத் தவறின் மேல்தான் நிற்கிறது. கவுண்டி என்பது மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற ஒரு நிர்வாகப் பகுதி. நெப்ராஸ்காவில் கவுண்டி கிளார்க் என்பவர் யாருக்கும் கீழே கோப்பு எழுதும் ஊழியர் அல்லர். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்களிடம் வாக்குக் கேட்டு வென்று வருகிற அதிகாரி. கவுண்டியை நிர்வகிக்கும் வாரியத்தின் கூட்ட நடவடிக்கைகளைப் பதிவு செய்வதும், வாரியம் ஒப்புக்கொண்ட செலவுகளுக்குப் பணம் வழங்க உத்தரவு எழுதுவதும், திருமண உரிமம் வழங்குவதும் அவர் பொறுப்பு. அம்மாநிலத்தின் 93 கவுண்டிகளில் ஆர்தர், பிளெய்ன், மெக்ஃபெர்சன் போன்ற சிலவற்றில் 2020 கணக்கெடுப்பின்படி 500 பேர்கூட இல்லை. இத்தகைய சிறிய கவுண்டிகளில் தேர்தல் நடத்துவது, நிலப் பத்திரங்களைப் பதிவது போன்ற வேலைகளும் அதே ஒருவர் மேசைக்கு வந்து சேரும். நம் ஊரில் இவற்றுக்குத் தனித்தனி அலுவலகங்கள் இருக்கின்றன.

அந்த அம்மையார் முன்பு பார்த்த வேலையும் எளியதன்று. ஒரே அறை, ஒரே ஆசிரியை, முதல் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளும் அதற்குள். குளிர்காலக் காலையில் பிள்ளைகள் வருவதற்கு முன்பே போய் அடுப்பு மூட்ட வேண்டும், அறையைக் கூட்ட வேண்டும், பிறகு சிறுவனுக்கு எழுத்தும் பெரியவனுக்கு வட்டிக் கணக்கும் ஒரே மணி நேரத்தில் சொல்லித்தர வேண்டும். இந்தப் பொறுப்பை ஏற்ற பெண்களில் பலர் தாமே உயர்நிலைப் பள்ளியை முடித்து ஓரிரு ஆண்டுகளே ஆனவர்கள். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் நெப்ராஸ்காவில் 6,000க்கும் மேற்பட்ட பள்ளி வட்டாரங்கள், அதாவது அந்தந்தப் பகுதியின் பள்ளிகளை நடத்தும் உள்ளாட்சி அமைப்புகள், இருந்தன. இன்று 250க்கும் குறைவு. சாலைகள் சீராகி, பண்ணைகள் பெரிதாகி, குடும்பங்கள் குறைந்து, பள்ளிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டபோது அந்த ஓரறைப் பள்ளிகள் மூடப்பட்டன. தொடக்கக் கல்வி மட்டும் தந்துவந்த கடைசி வட்டாரங்களையும் 2005இல் இயற்றிய ஒரு சட்டம் கலைத்தது. 2006 நவம்பரில் வாக்காளர்கள் அச்சட்டத்தையே ரத்து செய்தார்கள், ஆனால் அதற்குள் வட்டாரங்கள் கலைந்துவிட்டிருந்தன.

அப்படிப்பட்ட ஆசிரியை கிளார்க் பதவிக்குப் போவதில் இறக்கம் எங்கே இருக்கிறது? தெளிவான கையெழுத்து, பிழையற்ற கணக்கு, வருகைப் பதிவேட்டை ஒருநாளும் விடாமல் எழுதும் ஒழுங்கு ஆகியவை பள்ளியில் பழகியவை; கவுண்டி அலுவலகத்துக்கு வேண்டியவையும் அவையே. அவரிடம் எழுத்துக் கற்ற பிள்ளைகள் வளர்ந்து வாக்காளர்களானபோது, இந்த அம்மையார் கையில் வாக்குச்சீட்டை நம்பிக் கொடுக்கலாமா என்பதை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யார்?

இந்தப் பதவி பெண்களுக்குச் சும்மா கிடைத்ததுமில்லை. மிசூரி மாநிலத்தின் ஜாஸ்பர் கவுண்டியில் 1890ஆம் ஆண்டு ஆனி ஒயிட் பாக்ஸ்டர் கிளார்க்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, அவருக்கே வாக்குரிமை இல்லை; பெண் என்பதற்காக வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்று நாடு முழுவதற்குமான அரசியல் சட்டத் திருத்தம் வந்தது 1920இல். தோற்ற ஆண் வேட்பாளர் வழக்குத் தொடுத்தார், நீதிமன்றம் பாக்ஸ்டரின் பக்கம் நின்றது.

ஒன்றில் மட்டும் உங்களோடு உடன்படுகிறேன். இத்தகைய நினைவுக் குறிப்புகள் பிறந்த ஊரையும் பேரக்குழந்தைகளின் எண்ணிக்கையையும் சொல்லிவிட்டு, வேலையை ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. எனக்கு அது மனவருத்தம் தருகிறது. அவர் எத்தனை தேர்தல்களை நடத்தினார், 2000ஆம் ஆண்டு அதிபர் தேர்தலின் வாக்கு எண்ணிக்கைக் குழப்பத்துக்குப் பிறகு 2002இல் வந்த தேர்தல் சட்டம் வாக்குப்பதிவு முறைகளையே மாற்றியபோது அலுவலகத்தில் இருந்தாரா, தாம் பாடம் சொல்லித்தந்த பிள்ளை திருமண உரிமம் வாங்க எதிரே வந்து நின்றபோது என்ன சொன்னார் என்றெல்லாம் எழுதியிருக்க வேண்டும். அந்தக் கவுண்டியில் இதைச் சொல்லக்கூடிய பழைய மாணவர்கள் இன்னும் இருப்பார்கள். குறிப்பை அனுப்பிய உங்கள் மகள் அங்கேயே வசிப்பவரானால், அவர்களில் ஒருவரைத் தேடிப்போய்க் கேட்டு எழுதி அனுப்பச் சொல்லுங்கள். இந்தப் பக்கத்திலேயே வெளியிடுகிறேன்.