தையல் அக்கா பதில்கள்: துணி பத்தாத கவுன்

கேள்வி: அக்கா, என் மகள் ஃபேஷன் டிசைன் படிக்கிறாள். ஜீன் ஷ்ரிம்ப்டன் என்ற பழைய பிரிட்டிஷ் மாடலைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டுமாம். குட்டைப் பாவாடை போட்டதற்கா இவ்வளவு பேர்? – வாசகி, பிடோக்

பதில்: பாவாடையை மட்டும் வைத்து அவரை எடை போட வேண்டாம், தங்கச்சி. 1942இல் இங்கிலாந்தின் ஹை விக்கம் ஊரில் பிறந்து, பண்ணை வீட்டில் வளர்ந்தவர். செயலாளர் வேலைக்குப் படிக்க லண்டன் போனவர், பதினேழு வயதில் மாடலிங் பயிற்சியில் சேர்ந்தார். புகைப்படக்காரர் டேவிட் பெய்லியோடு 1962இல் நியூயார்க் போய், வோக் இதழுக்காகத் தெருவிலேயே நின்று எடுத்த படங்களை மகளிடம் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு முன்பெல்லாம் மாடல் என்றால் கையுறையும் முத்துமாலையுமாக, பெரிய வீட்டுச் சீமாட்டி மாதிரி விறைப்பாக நிற்க வேண்டும். இவரோ பக்கத்து வீட்டுப் பெண்ணாக, காற்றில் கலைந்த முடியோடு நின்றார். அவருடைய பெரிய சாதனை அதுதான் என்பேன்.

சரி, அந்தக் கவுனுக்கு வருவோம். தையல்காரி நான், அதைச் சொல்லாமல் விடுவேனா! ஆர்லான் என்ற செயற்கைத் துணியை விளம்பரப்படுத்த டூபான்ட் நிறுவனம் 1965இல் அவரை மெல்பர்ன் குதிரைப் பந்தயத்துக்கு அழைத்தது. கொடுத்த துணியோ பத்தவில்லை. தைத்த காலின் ரோல்ஃப் தவித்தபோது, குட்டையாகவே தைத்துவிடுங்கள், யாரும் கவனிக்கப் போவதில்லை என்று ஷ்ரிம்ப்டனே சொல்லியிருக்கிறார். வெள்ளை நிறம், கை இல்லாத நேர்வெட்டு, முட்டிக்கு மேலே நாலு இன்ச். அக்டோபர் 30 அன்று தொப்பி, கையுறை, காலுறை எதுவும் இல்லாமல் ஃப்ளெமிங்டன் மைதானத்துக்குள் போனார். ஊரே கொந்தளித்தது. மூன்று நாள் கழித்து மெல்பர்ன் கோப்பை பந்தயத்துக்குத் தொப்பி, கையுறை, காலுறை எல்லாம் போட்டுக்கொண்டுதான் வந்தார். ஆனால் முதல் நாள் படம் அதற்குள் உலகம் சுற்றிவிட்டது. லண்டனில் ஆடை வடிவமைப்பாளர் மேரி குவான்ட் ஏற்கெனவே பாவாடையை உயர்த்திக்கொண்டுதான் இருந்தார். அதை எல்லா ஊருக்கும் கொண்டுபோனதில் இந்தப் படத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்தக் குட்டைப் பாவாடை இங்கே சிங்கப்பூருக்கும் வந்தது. என் அம்மா சிராங்கூன் ரோட்டில் தைத்த காலம் அது. ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்த பெண்களே மினி ஸ்கர்ட்டும் கேட்பார்களாம். அம்மா உள்பக்கம் இரண்டு இன்ச் மடிப்பு விட்டு, பெரிய பெரிய கைத்தையலாகப் போட்டுக் கொடுப்பார். வீட்டில் அப்பா சத்தம் போட்டால் நூலை உருவி இறக்கிக்கொள்ளலாம். நானும் இன்றுவரை அப்படித்தான் மடிப்பு விடுகிறேன்.

புகழ் ஷ்ரிம்ப்டனைப் பிடித்து வைக்கவில்லை. மாடலிங்கை விட்டு, 1979இல் கார்ன்வால் பகுதியின் பென்சான்ஸ் ஊரில் ஒரு ஹோட்டலை வாங்கிக் கணவரோடு நடத்தினார். இத்தனை அழகும் பேரும் இருந்தும் தன் போக்கில் வாழ்ந்தாரே, அதற்காகவே எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

கேள்வி: ட்விக்கி என்பவரும் இவரும் ஒருவரா? – வாசகர், தோ பாயோ

பதில்: இல்லை. ட்விக்கியும் பிரிட்டிஷ் மாடல்தான், ஆனால் ஏழு வயது இளையவர், இயற்பெயர் லெஸ்லி ஹார்ன்பி. 1966இல் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட படங்களால் பிரபலமானார். அப்புறம் நடிப்பு, பாட்டு என்று போனார். சின்ன வயதிலேயே அம்மாவிடம் தையல் கற்று, தன் உடுப்பைத் தானே தைத்துப் போட்டவர் அவர்.