வெந்நீரூற்றுகளில் சிலிக்காத் துணிக்கைகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

உயர்தர மாணவி, சாவகச்சேரி: மணல் நீரில் கரையாது என்றே படித்தோம். வெந்நீரூற்றுக்குள் சிலிக்கா எவ்வாறு வருகிறது?

பதில்: "கரையாது" என்று பாடநூல் எழுதுவது வசதிக்காகவே. 25 பாகை செல்சியசில் ஒரு லீற்றர் நீரில் மணலிலுள்ள குவார்ட்ஸ் (சிலிக்காவின் படிக வடிவம்) சில மில்லிகிராம் அளவே கரையும். ஆழத்தில், அமுக்கத்தால் கொதிக்காதிருக்கும் 250 பாகை நீரிலோ அது 500 மில்லிகிராமை அண்மிக்கும். கரைந்த நிலையில் அது துணிக்கையன்று, சிலிசிக் அமிலம் என்னும் தனி மூலக்கூறு.

ஆசிரியர், பருத்தித்துறை: அந்நீர் குளிரும்போது குவார்ட்ஸாகவே படிய வேண்டாமா?

பதில்: படிய வேண்டியதுதான், ஆனால் குவார்ட்ஸ் வளர மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கப்பட வேண்டும், ஆறிய நீரில் அது மிக மந்தமாகவே நடக்கிறது. ஆகவே மூலக்கூறுகள் ஒழுங்கின்றி இணைந்த சிலிக்காவின், அதாவது ஒழுங்கற்ற சிலிக்காவின், கரைதிறனை (100 பாகையில் லீற்றருக்கு ஏறத்தாழ 370 மில்லிகிராம், 25 பாகையில் ஏறத்தாழ 120) தாண்டும் வரை நீர் தெளிவாகவே இருக்கும். தாண்டியதும் இரு சிலிசிக் அமில மூலக்கூறுகள் ஒரு நீர் மூலக்கூறை வெளிவிட்டு இணைகின்றன. இவ்விணைப்பு தொடர்ந்து பல்பகுதியமாகி, ஓரிரு நனோமீற்றர் அளவுள்ள கருவாகிறது. மிகச் சிறிய கருக்கள் மீண்டும் கரைய, அந்தச் சிலிக்காவைப் பெற்றுப் பெரியவை நூற்றுக்கணக்கான நனோமீற்றர் வரை வளரக்கூடும். நடுநிலை நீரில் இது விரைவாகவும், பிஎச் பெறுமானம் 2 அல்லது 3 ஆகவுள்ள அமில ஊற்றுகளில் மிகத் தாமதமாகவும் நிகழும். மேற்பரப்பிலுள்ள மறை ஏற்றம் துணிக்கைகளை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி மிதக்க வைக்கிறது. உப்பு மிகுந்தால் அவ்விலக்கம் தளர்ந்து, அவை திரண்டு படியும்.

மாணவர், நல்லூர்: ஐஸ்லாந்தின் நீலக் குளத்துக்கு நிறம் இதனாலா?

பதில்: ஆம். ஸ்வார்ட்செங்கி புவிவெப்ப மின்நிலையம் வெளிவிடும் நீரில் மிதக்கும் சிலிக்காத் துணிக்கைகள் நீல ஒளியைக் கூடுதலாகச் சிதறடிக்கின்றன. அதே நீரைக் கண்ணாடிக் குவளையில் எடுத்தால் வெண்மையாகவே தெரியும்.

இல்லத்தரசி, கோண்டாவில்: எங்கள் கேத்தலில் ஒட்டும் வெள்ளைப் படிவும் சிலிக்காவா?

பதில்: அன்று. குடாநாட்டுச் சுண்ணாம்புக்கல்லினூடாக வரும் கிணற்று நீர் கொதிக்கும்போது படிவது கல்சியம் காபனேற்று. அது சூடேறும்போது படிகிறது, சிலிக்காவோ ஆறும்போது. வினாகிரி ஊற்றினால் உங்கள் படிவு நுரைத்துக் கரையும். சிலிக்காவை அது அசைக்காது.

அதே ஆசிரியர்: திருகோணமலையின் கன்னியா வெந்நீரூற்றுகளைச் சுற்றி ஏன் சிலிக்கா படிந்த மேடைகள் இல்லை?

பதில்: அங்கே எரிமலை வெப்பம் இல்லை, ஆழத்துக்கு இறங்கிய மழைநீரே சூடாகி மேலேறுகிறது. ஒழுங்கற்ற சிலிக்காவின் வரம்பைத் தாண்டுமளவுக்கு அதில் சிலிக்கா சேர்வதில்லை. குவார்ட்ஸும் அவசரப்பட்டுப் படிவதில்லை என்பதால், ஆழத்தில் கரைந்த அளவு பெரும்பாலும் குறையாமல் மேலே வந்துவிடுகிறது; அதை அளந்தே புவியியலாளர் அடியிலுள்ள வெப்பநிலையைக் கணிக்கின்றனர்.