வீட்டில் ஏற்கெனவே ஒரு கினி பிக் இருக்கிறது. புதிதாக வாங்கியதை அதனுடன் எப்படிச் சேர்த்து விடுவது?

நேராகப் பழைய கூண்டுக்குள் விடாதீர்கள். அது பழையதன் இடம், சண்டை வரும். புதியதை இரண்டு வாரமாவது தனி அறையில் வையுங்கள். சளி, சொறி இருந்தால் அதற்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆணா பெண்ணா என்பதைக் கடைக்காரர் சொன்னார் என்று நம்பாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம், இரண்டுக்கும் பழகாத தரையில் துண்டை விரித்து, நடுவில் காய்ந்த புல்லும் கொத்தமல்லித் தழையும் குவித்து இரண்டையும் விடுங்கள். பின்புறத்தை ஆட்டி ‘டுர்ர்ர்’ என்று உறுமும், துரத்தும், மேலே ஏறும். நமக்குத்தான் பதறும், அவை யார் பெரியவர் என்று தீர்த்துக்கொள்கின்றன, அவ்வளவுதான். அவசரப்பட்டுப் பிரித்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பல்லை நறநறவென்று கடித்து, முடி சிலிர்த்து நின்றால் கவனம். கட்டிப் புரண்டாலோ ரத்தம் வந்தாலோ உடனே பிரிக்க வேண்டும். வெறுங்கையை நடுவில் விடாதீர்கள், என் கட்டைவிரல் தழும்பே சாட்சி. துண்டைப் போட்டு மூடித் தூக்குங்கள்.

சில மணி நேரம் அமைதியாகத் தின்றுகொண்டிருந்தால், வாசனை போகக் கழுவிய கூண்டில் சேர்த்து விடலாம். தண்ணீர் பாட்டில், தட்டு எல்லாம் இரண்டிரண்டு. ஒளிந்துகொள்ளும் பெட்டிக்கும் இரண்டு வாசல் வெட்டுங்கள். ஒரே வாசல் என்றால் ஒன்று உள்ளே மாட்டிக்கொண்டு அடி வாங்கும்.