பெங்களூரில் பழைய கல்குவாரி ஓரத்தில் மனை விலை குறைவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா, என்னென்ன பார்க்க வேண்டும்?

வாங்கலாம். ஆனால் திறந்து கிடக்கும் குவாரியைவிட, மூடி மேவிய குவாரிக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

பெங்களூரின் அடியில் இருப்பது லால்பாக் குன்றில் கண்ணெதிரே தெரிகிற அதே நைஸ் (gneiss) என்னும் கடினமான பாறை, சுமார் 300 கோடி வருடப் பழசு. அஸ்திவாரத்துக்கு அருமையான தரை. அதை வெட்டியெடுத்த குழியில் கட்டட இடிபாட்டையும் குப்பையையும் கொட்டி, மேலே இரண்டடி செம்மண் பரப்பிவிட்டால் பார்வைக்கு நல்ல மனைதான். பெள்ளஹள்ளி, மிட்டகானஹள்ளி குவாரிக் குழிகளில் மாநகரக் குப்பை போனது ஊரறிந்த விஷயம்.

கம்ப்யூட்டரில் கூகுள் எர்த் திறந்து பழைய படங்களை வருடம் வருடமாகப் பின்னோக்கிப் பாருங்கள். ஓரம் கூர்மையாக வெட்டிய மாதிரி கரும்பச்சைத் திட்டு தெரிந்தால் அது பெரும்பாலும் தண்ணீர் நின்ற குழி. பிறகு ஜேசிபி வைத்து எட்டடி தோண்டச் சொல்லுங்கள். இயல்பான நிலம் என்றால் செம்மண், அதற்குக் கீழே நறநறவென்று உதிரும் மக்கிய பாறை வரும். செங்கல் துண்டு, ஓடு, பிளாஸ்டிக் கவர் வந்தால் மேவிய மண். எட்டடியில் எதுவும் வரவில்லை என்பதற்காக நம்பிவிடாதீர்கள். எதிரெதிர் மூலைகளிலாவது பாறை தட்டும்வரை துளையிட்டு மண் பரிசோதனை செய்ய வேண்டும்.

காரணம் இதுதான்: வீட்டின் பாதி பாறைமேலும் பாதி மேவிய மண்மேலும் நின்றால், மண் பக்கம் மட்டும் இறங்கும். ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி சாய்வாக விரிசல் ஓடும். எத்தனை முறை பூசினாலும் திரும்ப வரும். மண் ஆழம் அதிகமென்றால் பாறைவரை பைல் (ஆழமான கான்கிரீட் தூண்) இறக்கியாக வேண்டும். விலையில் மிச்சம் பிடித்தது அதிலேயே போய்விடும். குப்பை மேவிய இடமென்றால் வாங்கவே வேண்டாம் என்பேன். மீத்தேன் கசியும், போர்வெல்லும் கெடும். பக்கத்து வீட்டு போர்வெல் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள்: லிட்டருக்கு டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) 500 மில்லிகிராம், நைட்ரேட் 45 மில்லிகிராம் வரை குடிநீருக்கு ஏற்றது. அம்மோனியாவும் பார்க்கச் சொல்லுங்கள்.

பத்திரம் சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது. பஹணியில் (கர்நாடக நிலப் பதிவேட்டில்) 'பி கராப்' (பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கியது) என்றோ கோமாளம் (மேய்ச்சல் நிலம்) என்றோ இருந்தால் அது அரசு நிலம், விட்டுவிடுங்கள். கர்நாடக அரசின் நில வரைபடச் செயலியான திஷாங்கில் சர்வே எண்ணைச் சரிபாருங்கள்.

குழி திறந்தே இருந்தால் எதிர்ச்சுவரைக் கவனியுங்கள். வெடிக்குத் துளை போட்ட அரைவட்டத் தடங்கள் நீளமாக, முழுசாக நின்றால் பின்னாலுள்ள பாறை அவ்வளவாகச் சிதையவில்லை. தடமே இல்லாமல் நொறுங்கிக் கிடந்தால், விளிம்புக்கு இணையாக மேல்தரையில் வெடிப்பு ஓடுகிறதா என்று நடந்து பாருங்கள். வெடிப்புக்குள் அரசமரம் வேர்விட்டிருந்தால் அந்த வெடிப்பு ஒவ்வொரு மழைக்கும் அகலும். குழியின் ஆழம் எவ்வளவோ, குறைந்தது அவ்வளவு தூரமாவது வீடு தள்ளியிருப்பது நல்லது.

குழந்தைகள் இருக்கும் வீடென்றால் தண்ணீர்தான் முதல் கவலை. ஏரி மாதிரி குவாரியில் ஆழம் சரிவாகக் கூடிக்கொண்டே போகாது. முதல் அடி முழங்கால், அடுத்த அடியில் முப்பதடி ஆழம் இருக்கலாம். ஏறிவரப் பிடியும் இருக்காது. விளிம்பில் கம்பி வேலி போட்டு, நீளமான நைலான் கயிறும் காற்றடைத்த லாரி டியூபும் அங்கேயே கட்டி வையுங்கள். யாராவது விழுந்தால் குதிக்காமல் அதை வீசுங்கள்.